பதிவுக்காக இன்னொரு தடவை

மன்றப் பிரிவில் உங்களைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் சந்தோஷப்பட்டேன். நீங்கள் சந்தோஷப்பட்டிருக்க மாட்டீர்கள் என்று தெரியும். நகராட்சியில் ஆளாளுக்கு ஆசைப்படும் பிரிவுகள் வேறு. கட்டட அனுமதிப் பக்கம் போனால் ஊரே சார் சார் என்று கூப்பிடும். பொறியியல் பிரிவில் ஜீப்பில் போகலாம். மன்றப் பிரிவைத் தேடி வருகிறவர்கள் கவுன்சிலர்கள் மட்டும்தான், அவர்களும் பாதி நாள் சண்டை போடத்தான் வருவார்கள். எனக்கு அந்தப் பிரிவுக்கு மாற்றல் வந்தபோது வரிப் பிரிவு நண்பர்கள் துக்கம் விசாரிப்பது மாதிரி ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பம். கடலூரில் வாடகை வீடு பிடித்து, இந்தக் கரையோரத்து நகராட்சிகளில் மாறி மாறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த நகராட்சி, எந்தத் தலைவர் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்து இலையில் உட்காருகிறார்கள். நான் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும்.

சட்டமும் விதிகளும் புத்தகத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். அஜெண்டா தயாரிப்பது, உறுப்பினர்களுக்கு அனுப்புவது, கையெழுத்து வாங்குவது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் சொல்ல வருவது வேறு. நகராட்சியை ஆள்வது யார் என்று கேட்டால் தலைவர் என்பார்கள் சிலர், ஆணையர் என்பார்கள் சிலர். மன்றத்தில் ஒருவர் சொல்லி, அது பதிவில் ஏறினால்தான் நகராட்சி எதையும் செய்யும், அல்லது செய்யாமல் நிறுத்தும். பதிவில் ஏறாதது, எவ்வளவு பெரிய தொண்டையில் சொல்லியிருந்தாலும், டீக்கடைப் பேச்சுதான். அந்தப் பதிவை எழுதுகிற ஆள் நீங்கள். உங்களுக்கு ஓட்டு கிடையாது, கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. காது மட்டும்தான் உண்டு.

காதைப் பற்றிப் பேசினால் எங்கள் மேலாளர் ஞாபகம் வந்துவிடுகிறது. 2004இல் நான் அந்தப் பிரிவில் சேர்ந்தபோது அவர்தான் மன்றத்தில் அஜெண்டாவை வாசிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுப்பேன். அவருக்குக் காது மந்தம் என்று ஊருக்கே தெரியும். உறுப்பினர்கள் எழுந்து ஏதாவது கத்தினால் கையைக் காதோரம் வைத்து, மைக்கில் நிதானமாகச் சொல்வார்: “ஐயா சொன்னது காதுல விழல. பதிவுக்காக இன்னொரு தடவை சொல்லணும்.”

ஒரு கூட்டத்தில் குடிநீர் விஷயமாகப் பேச்சு முற்றி, ஓர் உறுப்பினர் இன்னொருவரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டிவிட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. மேலாளர் கையைக் காதில் வைத்தார். இன்னொரு தடவை, பதிவுக்காக. திட்டியவர் அவரைப் பார்த்தார், என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார், மாடத்தில் உட்கார்ந்திருந்த பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். கடைசியில் “உறுப்பினர் சொல்றது உண்மைக்குப் புறம்பானது” என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். நான் அதையே எழுதினேன். திட்டு வாங்கியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மனிதன் இரண்டாவது தடவை சொல்லக் கூசுகிற வார்த்தையை முதல் தடவை கேட்டிருக்கவே தேவையில்லை என்பது அவர் கணக்கு.

சுனாமிக்குப் பிறகு கூடிய முதல் கூட்டத்தில் மட்டும் அவர் கை காதுப் பக்கம் போகவில்லை. கடற்கரை வார்டு உறுப்பினர் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவே இல்லை. மணியடித்துப் பழகிய தலைவர் அன்றைக்கு மணியைத் தொடவில்லை. அவராகவே உட்காரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். கூட்டம் முடிந்து, என்ன எழுதுவது என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் என் பேனாவை வாங்கி, ‘உறுப்பினர் எழுந்து நின்றார்’ என்று எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அலுவலக வாழ்க்கையில் நான் படித்த வரிகளில் அந்த ஒன்று மட்டும் இன்னும் மனப்பாடம்.

அவருடைய பணி ஓய்வு விழா அன்று வராந்தாவின் அந்தக் கோடியில் இரண்டு பேர், மாலை வாடிப்போய் இருக்கிறதே என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து மேலாளர் திரும்பி, “வெயில் அப்புடி, என்னா பண்றது” என்றார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். அவர் மாலையைச் சரி செய்துகொண்டு போட்டோவுக்கு நின்றார்.

அவருக்குப் பிறகு வாசிக்கும் மைக் என்னிடம் வந்தது. 2006க்குப் பிறகு புது மன்றம், புதுத் தலைவர். கலகலப்பான மனிதர். ஆணையரைத் தவிர மற்ற எல்லோரும் அவருக்கு மாமா அல்லது மச்சான். கூட்டத்தைச் சீக்கிரம் முடித்து வடை சாப்பிட வைப்பதில் அவருக்கு இணை கிடையாது. அதற்கு அவர் கையாண்ட வழிதான் ‘ஆல் பாஸ்’. நீங்களும் பார்ப்பீர்கள். அஜெண்டாவில் எத்தனை பொருள் இருந்தாலும் சரி, முதல் இரண்டை வாசித்ததும் தலைவர் “ஆல் பாஸா?” என்று கேட்பார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். அத்தனையும் நிறைவேறியதாகக் கணக்கு. நான் மட்டும் தட்டலுக்கு நடுவிலும் ஒவ்வொரு பொருளின் தலைப்பையும் வாசித்துக்கொண்டே போவேன். “படிச்சதா வச்சிக்குங்க மாமா, வடை ஆறிப்போவுது” என்பார் தலைவர். சிரித்துக்கொண்டே வாசிப்பேன். மேலாளர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன், அவ்வளவுதான்.

அந்த மன்றத்தில் கடற்கரை வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மீனவர் குப்பத்துப் பஞ்சாயத்து கூடி, கன்னியம்மாவை நிறுத்தியது. சுயேச்சை. அதுவரை மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தவர். முதல் கூட்டத்துக்கு அவருடைய கணவரும் வந்து பக்கத்து நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். நான்தான் போய்ப் பக்குவமாகச் சொல்லி, பார்வையாளர் பெஞ்சுக்கு அனுப்பிவைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார். மேலும் கீழும் ஆட்டினால் மனைவி மேசையைத் தட்ட வேண்டும். நான் சொல்லப்போகும் அந்த நாள்வரை கன்னியம்மா மன்றத்தில் ஒரு வார்த்தை பேசி நான் எழுதியதில்லை.

சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கன்னியம்மாவோடு தெருவில் மீன் விற்ற பெண்களில் பலர் வீட்டையும் படகையும் இழந்து, கூடையை மட்டும் வைத்துக்கொண்டு தெருவுக்குத் திரும்பியவர்கள். தெருவில் நெரிசல் ஜாஸ்தி, கடைக்காரர்கள் புகார் சொல்கிறார்கள் என்று ஒரு மன்றப் பொருள் தயாரானது. மீன் விற்பனையை ஊருக்கு வெளியே, குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் போட்டிருந்த கொட்டகைக்கு மாற்றுவது. ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஊர் முழுக்கத் தெரியும். நெரிசலும் பொய்யில்லை, நானே அந்தத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் கன்னியம்மா எங்கள் பிரிவுக்கு வந்தார். கணவர் இல்லாமல் வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஒரு பொருள் வேண்டாம் என்றால் அதை எப்போது சொல்ல வேண்டும் என்று கேட்டார். யார் கேட்டாலும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். அந்தப் பொருளை நான் வாசித்ததும், அடுத்ததற்குப் போவதற்குள் எழுந்து ஆட்சேபம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னாலும் போதும், அது ஆல் பாஸில் போகாது. விவாதிக்க வேண்டும், அல்லது கை தூக்கச் சொல்லி எண்ண வேண்டும், அல்லது ஒத்திவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டு நிறைவேறிவிட்டால், பிறகு அந்தத் தீர்மானத்தை அசைப்பது லேசில் ஆகாது.

“எனக்குக் கொரலு எழும்பாது சார்” என்றார்.

தெருவில் அவர் குரல் கெடிலம் ஆற்றுப் பாலம்வரை கேட்கும். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“மீன் கூவுறது வேற சார். அங்க நான் கூப்புடுறன், வர்றவன் வரான். இங்க எழுந்திரிச்சா எல்லாரும் மூஞ்சியப் பாக்குறாங்க. வூட்டுக்காரரு பேசாம இருங்குறாரு, நம்ம தெருவுக்கு ரோடு போட்டுத் தரேன்னு தலைவரு சொல்லிட்டாராம். எடம் போச்சுன்னா கூடையத் தூக்கிக்கினு இந்தப் பக்கம் வராதன்னு பொம்பளைங்க சொல்லிட்டாளுவோ. நான் எங்க சார் போவன்?”

எந்தப் பக்கம் கை தூக்கு என்று ஓர் உறுப்பினருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. விதி இதுதான் அம்மா, மற்றதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றேன். அவர் போன பிறகு வெகுநேரம் வேலை ஓடவில்லை.

மறுநாள் கூட்டம். மன்ற மண்டபத்தின் பினாயில் வாசனையும், தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் மின்விசிறிகளும் இன்றைக்கும் அப்படியே எனக்குள் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே மீன்காரப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். கூடைகளைக்கூட இறக்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் வழக்கம்போல ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயத்துக்காகக் கோஷம் போட்டு வெளிநடப்புச் செய்தார்கள். வெளிநடப்பு என்றால் நேரே எதிர்த்த டீக்கடைக்குத்தான். பத்திரிகைக்காரர்களும் அவர்கள் பின்னால் போனார்கள். கன்னியம்மாவுக்குத் துணையாக நாலு கை தூக்கியிருக்கக் கூடியவர்கள் அந்த நேரத்தில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

“ஆல் பாஸா?” என்றார் தலைவர். மேசைகள் அதிர்ந்தன. நான் தலைப்புகளை வாசித்துக்கொண்டே போனேன். மீன் விற்பனைப் பொருள் வந்தது. எப்போதும் போல வாசித்தேன். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. கன்னியம்மா எழுந்தார். உதடு அசைந்தது. தட்டலில் ஒன்றும் கேட்கவில்லை. உறுப்பினர்களுக்கு அப்போது மைக் கிடையாது. தலைவருக்கு ஒன்று, ஆணையருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தலைவர் அவரைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அடுத்தது” என்றார்.

அடுத்த பொருளின் எண் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை உச்சரித்தால் முடிந்தது. உறுப்பினர் ஆட்சேபித்தார் என்று நானாக எழுத முடியாது, ஏனென்றால் எனக்குக் கேட்கவில்லை. எழுந்து நின்றார் என்று மேலாளர் மாதிரி எழுதலாம், ஆனால் நின்றதால் ஒரு பொருள் நிற்காது. அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை எழுதக் கூடாது, கேட்டதைத்தான் எழுத வேண்டும். பக்கத்தில் ஆணையர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் பள்ளிக்கூடம், வாடகை வீடு, மாற்றல் எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் வந்து போயின. பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கையைக் காதோரம் வைத்தேன். “மன்னிக்கணும். கடற்கரை வார்டு உறுப்பினர் சொன்னது காதுல விழல. பதிவுக்காக இன்னொரு தடவை சொல்லணும்.”

மேசை தட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. தலைவர் கெட்டிக்காரர். சிரித்த முகத்தோடு, “அவுங்க ஒண்ணும் சொல்லலியே. ஏம்மா, எதனா சொன்னியா?” என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும், யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. பார்வையாளர் பெஞ்சிலிருந்து கணவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். கன்னியம்மா அவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நான் செய்யக்கூடியது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் நான் கட்சி கட்டியவன் ஆவேன். பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“ஆட்சேபண சொன்னன்” என்றார் கன்னியம்மா. குரல் நடுங்கியது, ஆனால் கேட்டது. “குப்பைமேட்டுக்குக் கொண்டு போயி வச்சா மீன் வாங்க எவன் வருவான்? ஈதான் வரும். எங்களுக்கு வேணாம்.”

வெளியே பெண்கள் சத்தம் போட்டார்கள். சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து பத்திரிகைக்காரர்கள் ஓடி வந்தார்கள், அவர்களைப் பார்த்து எதிர்க்கட்சிக்காரர்களும் வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்கள். தலைவர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கை தூக்கச் சொன்னால் ஜெயித்திருப்பார். ஆனால் யார் யார் கை தூக்கினார்கள் என்று மறுநாள் ஊருக்குத் தெரிந்துவிடும். மணியடித்து, பொருள் ஒத்திவைக்கப்படுகிறது என்றார். எழுதினேன். மறுநாள் பத்திரிகையில், எதிர்க்கட்சியின் கடும் எதிர்ப்பால் தீர்மானம் ஒத்திவைப்பு என்று வந்தது. எனக்கு வந்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது.

ஒத்திவைத்தது அப்படியே திரும்பி வரவில்லை. பல மாதம் பேசிப் பேசி, தெருவோரம் ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள். கூடைகள் கோட்டைத் தாண்டக் கூடாது, காலை வியாபாரம் முடிந்ததும் தெருவைக் கழுவிவிட வேண்டும். கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பெண்களும் முணுமுணுத்தார்கள். இரண்டு பக்கமும் முணுமுணுத்தால் அது நல்ல தீர்மானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலமே தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “என்னா மாமா, காது கேக்கலியா?” என்றார். கொஞ்சம் மந்தம்தான் என்றேன். இத்தனை நாள் நன்றாகக் கேட்டதே என்றார். வயதாகிறதே என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சில வாரங்களில் எனக்குச் சிதம்பரம் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. உத்தரவு மேலிருந்துதான் வரும், மேலே யார் சொன்னார்கள் என்று கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. விடைபெறப் போனபோது தலைவர் சால்வை போட்டார். “சிதம்பரத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு மாமா, அப்புடியே காதக் காட்டிக்குங்க” என்றார். அந்த மனிதரை என்னால் வெறுக்கவே முடிந்ததில்லை.

பிறகு சில வருடங்கள் தினமும் பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். காலையில் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொண்டதையும், முட்லூரில் கடலோர ஊர்க்காரர்கள் கருவாட்டு மூட்டையோடு ஏறும்போது பஸ்ஸே மூக்கைப் பிடித்ததையும், அவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் ஊர்க்கதை பேசியதையும் நினைத்தால் இப்போது ஏக்கமாக இருக்கிறது. அப்போது திட்டிக்கொண்டுதான் போனேன்.

அங்கேயும் மன்றப் பிரிவுதான், அங்கேயும் ஆல் பாஸ்தான். ஓர் உறுப்பினர் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதவர். அலுவலகத்தில் எல்லோரையும் ஒருமையில் பேசுவார். ஒரு நாள் அவர் எழுந்து சொன்ன ஆட்சேபம் மேசை தட்டலில் அமுங்கியது. அந்தப் பொருள் நிறைவேற வேண்டும் என்பதுதான் என் சொந்த ஆசை. கை தானாகக் காதுக்குப் போனது. அவர் இன்னொரு தடவை சொன்னார், பொருள் நின்றுபோனது. எரிச்சலோடு வீடு திரும்பினேன். ஆனால் பஸ் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது மனது லேசாகியிருந்தது. கன்னியம்மாவுக்காக நான் பக்கம் சாய்ந்துவிட்டேனோ என்று அத்தனை நாள் எனக்குள்ளே ஓர் அரிப்பு இருந்தது. அன்றைக்கு அது போயிற்று. உங்களுக்குப் பிடிக்காதவன் குரலையும் இரண்டாவது தடவை கேட்க முடிந்தால்தான் அந்த நாற்காலி உங்களுடையது.

2012இல், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மீன் தெருவுக்குப் போனேன். வெள்ளைக் கோடு பாதி அழிந்திருந்தது, கூடைகள் அதைத் தாண்டித்தான் இருந்தன. கன்னியம்மா பழைய இடத்தில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழப் போனார், வேண்டாம் என்றேன். மீனை எடுத்துக்கொண்டே ஏதோ கேட்டார். தெருவில் இரைச்சல், எனக்கும் இப்போது உண்மையிலேயே காது மந்தம். கையைக் காதோரம் வைத்துக் குனிந்தேன்.

அரிவாள்மனையில் அவர் கை நின்றது. “பதிவுக்கா சார்?” என்றார். பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், கண் கலங்கிவிட்டது.

பிறகு இன்னொரு தடவை, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். “அன்னைக்கு நெசமாவே ஒங்களுக்குக் கேக்கலியா?”

“நெசமாவே கேக்கலம்மா.”

அவர் நம்பவில்லை. மீனைச் சுத்தமாகக் கழுவி, பையில் போட்டு, என் கையில் கொடுத்தார்.

“சரி சார்” என்றார், “அப்புடியே எழுதிக்குங்க.”